தலைவர் ஏறும் விமானத்துக்குள் என்னதான் இருக்கிறது?

கல்லடியில் இருக்கும் என் தங்கையின் மகன் உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படிக்கிறான். போன வாரம் மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் ஒரு பிரமுகரின் ஹெலிகொப்டர் இறங்கியதைப் பார்த்துவிட்டு வந்து, எனக்கு ஒரு நீண்ட கேள்வியை எழுதி அனுப்பியிருந்தான். "மாமா, அமெரிக்க ஜனாதிபதியும் இந்தியப் பிரதமரும் வருகிற விமானங்கள் பயணிகள் விமானங்கள்தானே? அவற்றில் எதை மாற்றுகிறார்கள்? அதற்கு ஏன் அவ்வளவு பணமும் காலமும் செலவாகின்றன? நமது நாட்டுக்கும் ஒன்று தேவையில்லையா? அப்படியொரு விமானம் மட்டக்களப்பில் இறங்க முடியுமா?"

நான் 19 ஆண்டுகள் வளைகுடா நாடொன்றில் விமானப் பராமரிப்பு வேலை பார்த்தவன். கடைசி ஆறு ஆண்டுகள் பயணிகள் விமானங்களைப் பிரமுகர் விமானங்களாக மாற்றும் பிரிவில் இருந்தேன். மின்கம்பி இழுப்பதுதான் என் தொழில். ஆகவே இந்தப் பதிலில் கட்டிலையும் சோபாவையும்விடக் கம்பிதான் அதிகம் வரும். அவனைப் போலவே வேறு பிள்ளைகளும் இதைக் கேட்டிருப்பதால் பொதுவாகவே எழுதுகிறேன்.

மருமகனே, முதல் கேள்விக்கு விடை: ஆம், பயணிகள் விமானங்கள்தான். அமெரிக்காவின் இரண்டு விமானங்களும் போயிங் 747-200 வகையைச் சேர்ந்தவை. 1990ஆம் ஆண்டு சேவைக்கு வந்தவை. இந்தியாவிடம் இருப்பவை இரண்டு போயிங் 777-300ஈஆர். 2018இல் சில மாதங்கள் எயார் இந்தியாவில் சாதாரணப் பயணிகளை ஏற்றிப் பறந்தபின் மாற்றி அமைக்க அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, 2020இல் திரும்பி வந்தவை. ஜப்பானிடமும் இரண்டு 777 உண்டு. ஜேர்மனி மூன்று எயார்பஸ் ஏ350 வைத்திருக்கிறது. பிரான்ஸ் ஓர் ஏ330 விமானத்தை மாற்றி எடுத்துக்கொண்டது. ரஷ்யா மட்டும் தன் சொந்த இல்யூஷின் 96ஐப் பயன்படுத்துகிறது. அதுவும் பயணிகள் விமானமாகப் பிறந்ததுதான்.

ஒரு தலைவருக்கென்று புதிதாக விமானம் வடிவமைப்பவர் எவரும் இல்லை. புதிய பெரிய விமானம் ஒன்றை வரைந்து, கட்டி, சோதித்து, பறக்க அனுமதி பெறுவதற்குப் பல பில்லியன் டொலர் வேண்டும். அதைவிட முக்கியமானது நம்பிக்கை. ஆயிரக்கணக்கான தடவை மேலெழுந்து இறங்கிய ஒரு வகை விமானத்தின் குணம் எல்லோருக்கும் தெரியும். எந்தப் பகுதி எத்தனை மணித்தியாலத்தில் தேயும், எந்த வால்வு குளிரில் முரண்டு பிடிக்கும் என்பதெல்லாம் ஏற்கெனவே ஏடுகளில் பதிவாகி இருக்கும். உதிரிப்பாகமும் எளிதாகக் கிடைக்கும். பழகிய விமானம் பழகிய மாட்டைப் போன்றது. எங்கே உதைக்கும் என்று தெரியும்.

மாற்றும் வேலை எதற்காகத் தொடங்கியது என்று யாராவது கேட்டால் நான் ஒரு மனிதரின் கால்களைத்தான் காட்டுவேன். பதவியில் இருக்கும்போது விமானத்தில் பறந்த முதல் அமெரிக்க ஜனாதிபதி பிராங்ளின் ரூஸ்வெல்ட். 1943 ஜனவரியில் கசபிளாங்கா மாநாட்டுக்காக, பான் அமெரிக்கன் நிறுவனத்தின் போயிங் 314 என்ற பறக்கும் படகில் கடல் கடந்தார். இளம்பிள்ளை வாதத்தால் அவரால் நடக்க முடியாது. அவருக்கென அடுத்து உருவான சி-54 என்ற இராணுவப் போக்குவரத்து விமானத்தில், வாலுக்கு அருகே ஒரு சிறிய மின்தூக்கியைப் பொருத்தினார்கள். சக்கர நாற்காலியோடு தரையிலிருந்து நேரே உள்ளே போய்விடலாம். நீண்ட சரிவுப் பலகையைக் கொண்டுவந்து விமானத்தடியில் வைத்தால், வருபவர் யார் என்பதை எதிரியின் ஒற்றன் தூரத்திலிருந்தே ஊகித்துவிடுவான் என்ற அச்சமும் அதற்கு ஒரு காரணம். 1945 பெப்ரவரியில் யால்டா மாநாட்டுக்குப் போனபோதுதான் அவர் அதைப் பயன்படுத்தினார். ஏப்ரலில் இறந்துவிட்டார். ஒரே ஒரு பயணம். ஆனால் இன்றைய வேலைகளின் இரண்டு நோக்கங்களும் அந்தச் சிறு பெட்டிக்குள்ளேயே இருந்தன. தலைவர் தன் வேலையைத் தடையின்றிச் செய்ய வேண்டும். அவர் இருக்கும் இடம் பிறருக்குத் தெரியக்கூடாது.

இனி விமானங்களை நிறுத்தி வேலை செய்யும் ஹாங்கருக்குள் வா. தொழிற்சாலையிலிருந்து வரும் வெறும் விமானத்தை நாங்கள் 'பச்சை' என்போம். உலோகம் துருப்பிடிக்காமல் பூசும் பச்சை நிறப் பூச்சோடு, ஆசனம், உட்சுவர், சமையலறை எதுவும் இல்லாமல் அது வரும். உள்ளே ஏறி நின்றால் ஒரு பெரிய மீனின் விலா எலும்புகளுக்கு நடுவே நிற்பது போலிருக்கும். ஏற்கெனவே பறந்த விமானம் என்றால் அதையும் உரித்து அந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும். இணைக்கும் வேலையைவிட உரிக்கும் வேலைக்குப் பொறுமை அதிகம் வேண்டும்.

பிறகு தொடங்குவது கம்பி. அமெரிக்க ஜனாதிபதியின் 747 ஒன்றில் ஏறத்தாழ 380 கிலோமீற்றர் மின்கம்பி ஓடுகிறது. மட்டக்களப்பிலிருந்து கொழும்புக் கோட்டை வரையான புகையிரதப் பாதையைவிட அது நீளம். சாதாரண 747இல் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. 85 தொலைபேசிகள், மறைமொழியில் பேசும் கருவிகள், செய்மதித் தொடர்பு, இராணுவ வானொலி எல்லாவற்றுக்கும் மின்சாரமும் போக வேண்டும், செய்தியும் போக வேண்டும். அவற்றுள் பல கம்பிகள், அணுகுண்டு வெடிப்பின் மின்காந்த அலை தாக்கினாலும் கருவிகள் செயலிழக்காதபடி உலோக உறைக்குள் ஓடுகின்றன. அந்த உறைக்குத் தனிப் பாரம் உண்டு. கருவிகள் சூடாகும்; அவற்றைக் குளிரவைக்கக் காற்றும் குழாயும் வேண்டும். குளிரூட்டிக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்கு இன்னும் பெரிய மின்பிறப்பாக்கி வேண்டும். ஒரு தொலைபேசியைச் சேர்த்தால் அதன் பின்னே ஒரு குடும்பமே வந்து ஏறும். இதனால்தான் இப்போது மாற்றப்படும் புதிய அமெரிக்க விமானங்களில், வாலில் உள்ள துணை மின் இயந்திரங்களைப் பறக்கும்போதும் இயக்கும்படி இரண்டாக அமைக்கிறார்கள்.

வெளியே பார். முதுகில் திமில் போல ஒரு புடைப்பும், ஆங்காங்கே மீன் செட்டை போன்ற சிறு தகடுகளும் தெரியும். அவை அன்டெனாக்கள். ஒவ்வொன்றுக்கும் விமானத்தின் தோலில் துளையிட வேண்டும். உயரத்தில் பறக்கும்போது உள்ளிருக்கும் காற்று அந்தத் தோலை வெளியே தள்ளுகிறது. ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ ஆறு தொன் விசை. அப்படிப்பட்ட தோலில் நினைத்த இடத்தில் துளை போட முடியாது. துளையைச் சுற்றி உள்ளே வலுவூட்டும் தகடு வைத்துத் தறைந்து, அந்த இடத்தின் தாங்குதிறனைக் கணக்கிட்டுக் காட்டி அனுமதி பெற வேண்டும். நான் வேலை செய்த இடத்தில் ஒரு விமானத்தில், வரைபடம் சொன்ன இடத்திலிருந்து இரண்டு விரற்கடை தள்ளித் துளை விழுந்துவிட்டது. அந்தப் பகுதியையே வெட்டி எடுத்துப் புதிய தகடு பொருத்த ஏழு வாரங்கள் ஆயின. துளையிட்ட பையனை நாங்கள் யாரும் குறைசொல்லவில்லை. 18 மணித்தியாலம் வேலை வாங்கியவர்களின் குற்றம் அது.

அறைகளைப் பற்றி எல்லோரும் ஆவலோடு கேட்பார்கள். படுக்கை, குளியலறை, கூட்ட அறை, அறுவைச் சிகிச்சை மேசையாக மாற்றக்கூடிய கட்டிலுடன் ஒரு மருத்துவ அறை, நூறு பேருக்குச் சமைக்கக்கூடிய இரண்டு சமையலறைகள் எல்லாம் அமெரிக்க விமானத்தில் உண்டு. இவற்றை மரத்தச்சன் வீட்டில் அடைப்பதைப் போல அடைத்துவிட முடியாது. விமானத்தில் எங்காவது ஓட்டை விழுந்து காற்று வெளியே பாய்ந்தால், மூடிய அறைக்குள் இருக்கும் காற்று போக வழியின்றிச் சுவரைப் பிய்த்துக்கொண்டு வெளியேறும். ஆகவே ஒவ்வொரு தடுப்புச் சுவரிலும் அழுத்தம் கூடினால் தானாகத் திறந்துகொள்ளும் பலகைகள் இருக்க வேண்டும். சுவர் என்று நீ படத்தில் பார்ப்பதன் அடியில், திரையின் மறைவில், ஒரு சல்லடை இருக்கிறது.

பாரத்தின் கதையும் அப்படித்தான். வாவியில் தோணி விடுபவனுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வலையை எந்தப் பக்கம் குவிப்பது, மீன் பெட்டியை எங்கே வைப்பது என்று அவன் யோசிக்காமலே செய்வான். விமானத்திலும் முன்னுக்கு ஒரு கனமான குளியலறை வைத்தால் பின்னுக்கு அதைச் சமன் செய்ய வேண்டும். எங்களிடம் வந்த ஒருவர் முழுப் பளிங்குக்கல் மேசை கேட்டார். தேன்கூடு போன்ற அலுமினியப் பலகையின் மேல், நகத்தின் பருமனுக்குச் சீவிய பளிங்கை ஒட்டிக் கொடுத்தோம். தொட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. திரைச்சீலையும் கம்பளமும் ஆசனத் தோலும் தீச்சோதனையில் தேற வேண்டும். பிடித்த தீ குறித்த நேரத்துக்குள் தானே அணையாவிட்டால், எவ்வளவு விலையுயர்ந்த பட்டானாலும் விமானத்துக்குள் ஏறாது.

பாதுகாப்புக் கருவிகளைப் பற்றிப் பொதுவெளியில் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். தோளில் வைத்து ஏவும் ஏவுகணைகளில் பல, இயந்திரத்தின் சூட்டைத் தேடி வருபவை. விமானத்தின் உடலில் உள்ள உணரிகள் அப்படி வரும் ஏவுகணையின் சுடரைக் கண்டுபிடித்ததும், ஒரு சிறு கோபுரம் திரும்பி ஏவுகணையின் 'கண்ணில்' லேசர் கதிரைப் பாய்ச்சிக் குழப்பும். விமானி எதையும் அழுத்த வேண்டியதில்லை. அதற்கு நேரமும் இராது. இந்தியாவின் இரண்டு 777 விமானங்களுக்கும் இத்தகைய தற்காப்புத் தொகுதிகளை விற்க 2020 பெப்ரவரியில் அமெரிக்கா ஒப்புதல் கொடுத்தபோது அறிவிக்கப்பட்ட மதிப்பு 190 மில்லியன் டொலர்.

இவ்வளவும் சேர்ந்தால்தான் காலதாமதம் புரியும். அமெரிக்கா தன் பழைய விமானங்களுக்குப் பதிலாக எடுத்த இரண்டு 747-8 விமானங்கள், டிரான்ஸ்ஏரோ என்ற ரஷ்ய நிறுவனத்துக்காகக் கட்டப்பட்டவை. அந்த நிறுவனம் 2015இல் முறிந்துபோனதால் பாலைநிலத்தில் நிறுத்தப்பட்டுக் கிடந்தன. கட்டி முடித்த விமானம் கையில் இருக்கிறதே, விரைவாக முடிந்துவிடும் என்று நினைத்தார்கள். 2018இல் 3.9 பில்லியன் டொலருக்கு ஒப்பந்தம் ஆனது. உள்ளக வேலைக்கு அமர்த்தப்பட்ட துணை நிறுவனம் 2021இல் கடனில் மூழ்கியது. இரகசிய அனுமதி பெற்ற திறமையான கம்பித் தொழிலாளர்கள் போதிய அளவில் கிடைக்கவில்லை. விலை ஏற்கெனவே முடிவு செய்யப்பட்டதால் போயிங் நிறுவனத்துக்கு இரண்டு பில்லியன் டொலருக்கும் அதிகமான நட்டம். இதைப் படிக்கும்போது என் தொழில் மீது எனக்கு மரியாதைதான் கூடுகிறது. அவ்வளவு பெரிய நிறுவனமும், நம் ஊர்ப் பிள்ளைகள் போன்றவர்கள் முழங்காலிட்டுக் கம்பி இழுக்கும் வேகத்துக்கு மேல் ஓட முடியாது.

கம்பி பற்றி இன்னும் ஒன்று. அதை யார் இழுத்தார் என்பதும் ஒரு கேள்வி. சீன ஜனாதிபதிக்கென அமெரிக்காவில் மாற்றி அமைத்த ஒரு போயிங் 767இல் ஒட்டுக்கேட்கும் கருவிகள் கண்டுபிடிக்கப்பட்டதாக 2002 ஜனவரியில் செய்திகள் வெளியாயின. 2025இல் கட்டார் அரசு ஒரு சொகுசு 747-8 விமானத்தை அமெரிக்காவுக்குப் பரிசாகக் கொடுத்தபோது எழுந்த முதல் விவாதங்களுள் ஒன்றும் இதுதான். பிறர் வீட்டில் வளர்ந்த விமானத்தின் ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு சுவரின் பின்புறத்தையும் திறந்து பார்க்காமல் ஒரு நாட்டின் இரகசியத்தை அதற்குள் பேச முடியாது. தரையில் அது அழகான பரிசு. ஹாங்கருக்குள் வந்தால் அது மறுபடியும் உரிக்க வேண்டிய விமானம்.

ஒன்று பழுதானால் மற்றது இயங்கும்படி எவ்வளவு இரட்டிப்பாகக் கட்டினாலும் பழுது வரும். 2018 நவம்பர் இறுதியில் ஜேர்மன் சான்சலர் அங்கெலா மேர்க்கல் ஜி20 மாநாட்டுக்காக ஆர்ஜென்டீனாவுக்குப் புறப்பட்டார். அரசின் ஏ340 விமானத்தின் தொலைத்தொடர்பு முறை நெதர்லாந்துக்கு மேலே பழுதாக, விமானம் திரும்பி கொலோன்-பொன் நிலையத்தில் இறங்கியது. மறுநாள் அவர் மட்ரிட்டுக்குப் போய், ஐபீரியா நிறுவனத்தின் வழமையான சேவை விமானத்தில் மற்றப் பயணிகளோடு அமர்ந்து போனார். மாநாட்டின் தொடக்கத்துக்கு வரமுடியவில்லை. அடுத்த ஆண்டே ஜேர்மனி மூன்று புதிய ஏ350 விமானங்களை வாங்க முடிவெடுத்தது. தலைவர்களின் விமானங்கள் ஏன் பெரும்பாலும் சோடியாக இருக்கின்றன என்பதற்கும் இதுவே விடை. ஒன்று பராமரிப்பில் இருக்கும்போது மற்றது பறக்க வேண்டும். நெடும்பயணத்தில் இரண்டாவது பின்னாலேயே வரும்.

ஆனால் நான் இத்தனை ஆண்டு வேலை செய்து உணர்ந்த பெரிய உண்மை கம்பியில் இல்லை. தலைவர் விமானத்தில் ஏறும் ஆபத்துகளுள் மிகப் பெரியது அவருடைய அவசரம். இதைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் போலந்துதான் நினைவுக்கு வரும்.

2008 ஆகஸ்ட் மாதம் ஜோர்ஜியாவில் போர் நடந்துகொண்டிருந்தது. போலந்து ஜனாதிபதி லெக் காசின்ஸ்கி தலைநகர் திபிலிசிக்குப் போக விரும்பினார். அந்த வானம் பாதுகாப்பற்றது என்று சொல்லி விமானத்தின் தலைமை விமானி மறுத்துவிட்டார். அண்டை நாடான அசர்பைஜானில் கஞ்சா என்ற நகரில் இறக்கினார். ஜனாதிபதிக்குக் கடும் கோபம். குழுவினர் அங்கிருந்து தரை வழியே போக வேண்டியதாயிற்று. அந்த விமானியின் முடிவைப் பாராட்டிப் பாதுகாப்பு அமைச்சு பிற்பாடு அவருக்குப் பதக்கம் கொடுத்தது. ஆனால் விமானப்படைக்குள் இருந்தவர்கள் பதக்கத்தை மட்டுமா பார்த்திருப்பார்கள்? ஜனாதிபதியின் முகத்தையும் பார்த்திருப்பார்கள்.

அன்று அந்த விமானிக்கு அருகில் துணை விமானியாக அமர்ந்திருந்தவர், 2010 ஏப்ரல் 10ஆம் திகதி தலைமை விமானியாக அதே ஜனாதிபதியை ரஷ்யாவின் சிமொலென்ஸ்க் நகருக்கு ஏற்றிச் சென்றார். சோவியத் இரகசியப் பொலிஸார் போலந்து அதிகாரிகளைக் கொன்ற கற்றீன் படுகொலையின் 70ஆம் ஆண்டு நினைவு நிகழ்வு. காலையில் அங்கே அடர்ந்த மூடுபனி. போலந்து ஊடகவியலாளர்களை ஏற்றிவந்த சிறிய யாக்-40 விமானம் முன்னதாகவே இறங்கிவிட்டது. பின்பு வந்த ரஷ்யாவின் பெரிய சரக்கு விமானம் முயன்றுவிட்டு வேறிடம் போனது. ஜனாதிபதியின் து-154 விமானம் கீழே வந்தது. அந்த நிலையத்தில் விமானத்தை ஓடுபாதைக்கு வழிகாட்டி இறக்கும் நவீன கருவி இருக்கவில்லை. மரங்களில் மோதி விழுந்தது. ஜனாதிபதி, அவருடைய மனைவி, முப்படைத் தளபதிகள், மத்திய வங்கித் தலைவர் உட்பட 96 பேரும் இறந்தார்கள். நாட்டின் தலைமையில் ஒரு பெரும் பகுதி ஒரே விமானத்தில் இருந்தது.

அந்த விமானம் சில மாதங்களுக்கு முன்தான் முழுப் பராமரிப்பு முடித்து வந்தது. இயந்திரம் நன்றாக இருந்தது. கம்பியும் நன்றாக இருந்தது. விசாரணைகள் குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே இறங்கியதையும் பயிற்சிக் குறைகளையும் சுட்டின. விமானப்படைத் தளபதி விமானிகளின் அறையில் நின்றது அவர்களுக்கு மன அழுத்தம் தந்திருக்கலாம் என்று ரஷ்ய அறிக்கை சொன்னது. ஜனாதிபதி இறங்கச் சொல்லிக் கட்டளையிட்டார் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரமில்லை. ஆனால் பின்னால் அமர்ந்திருப்பவர் யார் என்பதை மறந்து மூடுபனியை மட்டும் பார்ப்பது எந்த விமானிக்கும் எளிதல்ல. அடுத்த ஆண்டு போலந்து அந்தச் சிறப்பு விமானப் பிரிவையே கலைத்துவிட்டது. என் கணக்கில், தலைவருடைய விமானத்தில் பொருத்த வேண்டிய முதலாவது பாதுகாப்புக் கருவி, 'முடியாது' என்று சொல்லும் உரிமை விமானிக்கு உண்டு என்பதைத் தலைவர் தன் கைப்பட எழுதிக் கொடுக்கும் ஒரு தாள்.

இதோடு தொடர்புள்ள ஒரு சிறு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். உன் பரீட்சைக்கு உதவாது, ஆனால் எனக்குப் பிடித்தது. 'எயார் போர்ஸ் வன்' என்பது விமானத்தின் பெயரல்ல. ஜனாதிபதி உள்ளே இருக்கும்போது அமெரிக்க விமானப்படை விமானம் எதுவானாலும் அதற்கு வானொலியில் வழங்கும் அழைப்புக்குறி. 1953இல் ஜனாதிபதி ஐசனோவரின் விமானத்தின் எண்ணும் ஒரு பயணிகள் விமானத்தின் எண்ணும் ஒன்றாக இருந்ததால் ஏற்பட்ட குழப்பத்துக்குப் பிறகு வந்த வழக்கம். 1974 ஆகஸ்ட் 9ஆம் திகதி பதவி விலகிய நிக்சன் கலிபோர்னியாவுக்குப் பறந்துகொண்டிருந்தார். வாஷிங்டனில் புதிய ஜனாதிபதி பதவியேற்ற நிமிடத்தில், நடுவானில் விமானி அழைப்புக்குறியை மாற்றி, வெறும் விமான எண்ணான 27000 என்பதைச் சொன்னார். அதே ஆசனத்தில்தான் நிக்சன் அமர்ந்திருந்தார். விமானத்தில் ஓர் ஆணியும் மாறவில்லை.

நமது நாட்டுக்கு ஒன்று தேவையா? தேவையில்லை என்பது என் திடமான கருத்து. மெக்சிக்கோவைப் பார். ஏறத்தாழ 218 மில்லியன் டொலருக்கு வாங்கிய 787 விமானத்தில் ஏறமாட்டேன் என்று 2018இல் பதவிக்கு வந்த ஜனாதிபதி லோப்பஸ் ஒப்ரடோர் அறிவித்தார். வழமையான சேவையில் டிக்கெட் எடுத்துப் பறந்தார். ஆனால் அந்த விமானத்தை வாங்குவதற்கு ஆள் கிடைக்கவில்லை. ஒரு மனிதரின் தேவைக்கென்று பிரித்து அடைத்த விமானத்தை மறுபடி பயணிகள் விமானமாக்க இன்னொரு செலவு ஆகும் அல்லவா? அதன் பெயரில் லொத்தர் சீட்டு விற்றார்கள். கடைசியில் 2023இல் தஜிகிஸ்தான் ஏறத்தாழ 92 மில்லியன் டொலருக்கு வாங்கியது.

நமது ஜனாதிபதிகள் நீண்ட காலமாக வழமையான சேவை விமானங்களில்தான் பெரும்பாலும் வெளிநாடு போகிறார்கள். அதிலும் ஒரு நெறி வேண்டும். 2007 டிசம்பரில் லண்டனிலிருந்து திரும்பும் ஜனாதிபதிக் குழுவுக்காக, ஏற்கெனவே இடம் பதிந்த பயணிகளை இறக்க ஸ்ரீலங்கன் நிறுவனத்தின் நிர்வாகம் மறுத்தது. நிறுவனத்தின் வெளிநாட்டுத் தலைமை அதிகாரியின் வேலை அனுமதி இரத்தானது. அடுத்த ஆண்டு எமிரேட்ஸ் அந்நிறுவனத்தின் நிர்வாகப் பொறுப்பிலிருந்து விலகியது. மட்டக்களப்பிலிருந்து இரவு முழுவதும் வாகனத்தில் பயணித்து, கட்டுநாயக்கவில் விடியும்வரை காத்திருந்து வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு ஓர் ஆசனம் என்றால் என்ன என்று தெரியும். ஒருநாள் தாமதித்தால் வேலையே போய்விடும். அந்த ஆசனத்தைக் காத்தவர்கள் செய்தது சரி என்றே நான் எண்ணுகிறேன்.

கடைசிக் கேள்வி: மட்டக்களப்பில் இறங்குமா? இறங்காது. இந்தியப் பிரதமரின் 777 முழு எரிபொருளோடு ஏறத்தாழ 351 தொன். அதன் பெரும்பகுதியை 12 பிரதான சில்லுகள் தாங்குகின்றன. ஒரு சில்லுக்கு 27 தொன்னுக்கு மேல். அம்பாறையிலிருந்து நெல் ஏற்றிவரும் ஒரு பெரிய லொறியின் முழுப் பாரமும் ஒரே சில்லின் மேல் நிற்பதாக நினைத்துப் பார். கட்டுநாயக்கவின் 3,350 மீற்றர் ஓடுபாதை அதற்கென்று ஆழமாக அடித்தளம் போட்டுக் கட்டப்பட்டது. திமிலதீவில் இருக்கும் நமது விமான நிலையம் சிறிய விமானங்களுக்கானது. நீளமும் போதாது, தளத்தின் தாங்குதிறனும் போதாது. வாவியும் வயலும் சூழ்ந்த இடம் என்பதால் பறவைகளும் அதிகம். உகணையில் உள்ள விமானப்படை நிலையத்தின் ஓடுபாதைக்கும் இது பொருந்தும்.

ஆகவே பெரிய விமானம் கட்டுநாயக்கவில் இறங்கும். அங்கிருந்து தலைவர்கள் ஹெலிகொப்டரில் வருவார்கள். 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் மலையகத்துக்கு வந்ததும் அப்படித்தான். நமது பிரமுகர்களை ஏற்றிவருவதும் விமானப்படையின் ஹெலிகொப்டர்கள்தான். நீ வெபர் மைதானத்தில் பார்த்ததும் அதுவே.

அடுத்த முறை பார்க்கப் போனால் கயிற்றுக்கு வெளியே நில். காற்று மணலை வாரி அடிக்கும், கண்ணாடி போட்டுக்கொள். இறங்கியதும் வயிற்றின் அடிப்பக்கத்தைக் கவனி. செட்டை போன்ற அன்டெனாக்கள் எத்தனை என்று எண்ணி எனக்கு எழுது, ஒவ்வொன்றும் எதற்கென்று சொல்கிறேன். வாலின் பக்கம் மட்டும் ஒருபோதும் போகாதே. பின்சுழலி சுற்றும்போது கண்ணுக்கே தெரியாது. எப்போதும் விமானியின் கண்ணில் படும்படி முன்பக்கமாகவே நில்.